நீங்கள் தர மறுத்த பாடவேளை

டீச்சர்,

அடுத்த வாரம் எனக்குப் பணி ஓய்வு. ஆசிரியர் அறையில் என் அலமாரியைக் காலி செய்தபோது, அடித்தட்டில் பத்தாம் வகுப்பின் பழைய கால அட்டவணை கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் வகுப்பாசிரியராக இருந்தபோது எழுதியது. மற்ற கட்டங்கள் மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. மறைக்கல்விக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் 'கணக்கு' என்று எழுதி எழுதி, அழித்து அழித்து, அட்டையே நைந்து கிடக்கிறது. எழுதியது நான், அழித்தது நீங்கள். நீங்கள் கண்மூடி நான்கு மாதம் ஆகிறது. இதை வேறு யாரிடம் காட்ட?

போர்ஷன் முடியாத எவரும் முதலில் கை வைப்பது அந்தப் பாடவேளையில்தான். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு உங்களிடம் வருவார்கள். மற்றவர்கள் பக்கத்து அறையில் நன்னெறிக்குப் போவார்கள். நான் இரண்டையும் சேர்த்து வாரிக்கொள்வேன். நீங்களும் கேட்டபோதெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அந்த வருடம் ஜூனில்தான் முதல்முறையாக முடியாது என்றீர்கள், நான் எழுத எழுத அழித்தீர்கள். மறைக்கல்வி வினாவிடைப் புத்தகத்தை ஒப்பிக்க வைப்பதை நிறுத்திவிட்டதாகவும், இனிமேல் பிள்ளைகள் கேட்பதுதான் பாடம் என்றும் சொன்னீர்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. செம்பட்டியிலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். கணக்கில் கோட்டை விட்டால் நேராக மில் வேலைதான். அவர்களைப் பாஸாக்குவதைவிடப் பெரிய புண்ணியம் என்ன இருக்கிறது? ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் புகார் சொன்னேன்.

விஷயம் தாளாளர் ஃபாதர் வரை போயிற்று. பதினைந்து நாள் கழித்து வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பேன், ஒன்றும் தெரியாவிட்டால் அந்தப் பாடவேளை கணக்குக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து உங்கள் வகுப்பைத் தாண்டிப் போனபோது ஜெயராணியின் குரல் கேட்டு நின்றேன். என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

"அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிக்கிறாரு டீச்சர். பெத்தவங்கள மதிக்கணும்னு நாலாவது கட்டளை சொல்லுது. அவர எப்பிடி மதிக்க?"

"எனக்கும் தெரியல தாயி. எல்லாருமாச் சேந்து யோசிப்போம். இத விட்றக் கூடாது" என்றீர்கள். தெரியவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்ன ஆசிரியரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ரோஷம் விடவில்லை. ஃபாதரிடம் பிள்ளைகள் பதில் சொல்லிவிட்டால் பாடவேளை உங்களிடமே நிற்கும் என்று நினைத்து, அதற்குப் பதிலாக அந்தக் காரியத்தைச் செய்தேன். வினாவிடைப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு, என் கணக்குப் பாடவேளையில், மற்றவர்களுக்கு நாலு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, உங்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உருப்போட வைத்தேன். நெற்றி நிறையத் திருநீறும் கையில் பிரம்புமாக நின்று ஞானஸ்நானத்தையும் பாவசங்கீர்த்தனத்தையும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று மிரட்டியும் வைத்தேன். எட்டே நாளில் வாய்ப்பாடு மாதிரி ஏறிவிட்டது.

ஃபாதர் வந்த அன்று தலைமையாசிரியரோடு நானும் வகுப்பின் கடைசியில் நின்றேன். உங்கள் கை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. முதல் கேள்விக்கே ஒருத்தி கடகடவென்று ஒப்பித்தாள். நீங்கள் திடுக்கிட்டீர்கள். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி, ஒன்றும் தவறவில்லை. கடைசியில் ஃபாதர் ஜெயராணியை எழுப்பி நான்காவது கட்டளையைக் கேட்டார். கட்டளையையும் அதன் விளக்கத்தையும் சுவரைப் பார்த்தபடி ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

ஃபாதருக்கு மெத்த சந்தோஷம். பாடவேளை உங்களுக்கே என்றார். ஆனால் இதே புத்தகத்தை வைத்து இதே முறையில்தான் நடத்த வேண்டும், வருடா வருடம் வந்து கேட்பேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வராண்டாவில் என் எதிரே வந்து நின்றீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

"பீரியட காப்பாத்திக் குடுத்துட்டீங்க சார். இனிமே அதுல நான் என்ன செய்ய?"

அதன்பிறகும் பல வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்கள் வீட்டு வெஞ்சனத்தில் எனக்கும் பங்கு வைப்பீர்கள். ஆனால் அந்த நாளைப் பற்றி மறுபடி ஒரே ஒரு தடவைதான் பேசினீர்கள், நாகல் நகரில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது. ஃபாதர் வந்து போன மறுநாள் ஜெயராணியை எழுப்பி, அவள் கேள்வி அப்படியே நிற்கிறதே, இன்று பேசலாமா என்று கேட்டீர்களாம்.

"அதான் விடை தெரிஞ்சு போச்சே டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாளாம். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவே இல்லையாம்.

அவள் கணக்கில் பாஸானாள். வழியனுப்பு விழாவில் என் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லி மாலை போடுவார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொள்வேன். உங்களிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கும் ரோஷம்தான் குறுக்கே நின்றது. இப்போது கேட்கிறேன், கேட்க நீங்கள் இல்லை. அந்த விடையை அவள் வாயில் போட்டவன் நான்தான் டீச்சர். அவள் அப்பா அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பார்.