வயிற்றுப் பக்கத்து ஒட்டு

உன் புடவையை டீத்தண்ணீரில் முக்கிவிட்டார்கள். அதில் நான் போட்டிருந்த ஒட்டையும் பிரித்துவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீ பாதியில் எழுந்து தறிக்குப் போய்விடுவாய்.

காலையிலிருந்து வீடெல்லாம் டீத்தூள் வாசனை. அடுப்பில் ஒன்றும் இல்லை. கொடியில் கிடக்கும் உன் நீலக்கட்டம் போட்ட நூல் புடவையிலிருந்து வருகிறது. மடித்து வைக்கிறேன், எடுத்து முகர்கிறேன், மறுபடி கொடியில் போடுகிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நித்யா என்று ஒரு பெண் சென்னையிலிருந்து வந்தாள். பிஸ்கட் விளம்பரத்துக்கு உடை வடிவமைப்பவள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கு அம்மா பிஸ்கட் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாடகக்காரர்களுக்கு நான் தைத்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். செல்போனில் படம் காட்டினாள். அந்த அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள்.

"நெய்யறவ பட்டு கட்டிக்கினு தறிக்குழியில எறங்குவாளாம்மா? வீட்ல நூல் புடவைதான்" என்றேன். ஒப்புக்கொண்டாள். மறுவாரம் ஒரு நூல் புடவையோடு வந்தாள். முந்தானையையும் தோள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்திருந்தாள்.

"ஓல்ட் லுக் வந்துடுச்சில்ல ஆன்ட்டி?"

"தறிக்காரி பொடவ அங்க தேயாது. வயித்துல தேயும்."

"வயித்துலயா? நிறைய பிஸ்கட் சாப்ட்டா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் பீரோவைத் திறந்தேன். வீம்பு என்னுடையது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

தாமல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போன அந்த வருஷம் நீ வாங்கிய புடவை அது. நெய்த பட்டு சுருளும் படமரம் உன் வயிற்றை ஒட்டியே இருக்கும். ஒவ்வோர் இழைக்கும் நீ முன்னால் சாய்வாய். இரண்டு வருஷத்தில் அந்த இடம் இற்றுப்போய், கையால் பொத்திக்கொண்டு என் வாசலில் நின்றாய். எனக்கு அப்போது பொத்தான் வைக்கக்கூடத் தெரியாது. என் பச்சைப் புடவையின் ஓரத்தைக் கிழித்து உன் வயிற்றில் ஒட்டுப் போட்டேன். நான் தைத்த முதல் தையல்.

குனிந்து பார்த்தாய். "இன்னாடி இது, திருப்புட்குழி போற வழியாட்டம் வளைஞ்சிக்கினு போவுது?" என்றாய். பிரிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாய். "வுடு. படமரத்துல தேச்சி நான் நேராக்கிக்கறேன்."

அது நேராகவே இல்லை. ஆனால் தெருவில் யாருக்குத் துணி கிழிந்தாலும், "அவகிட்ட போங்க, என் வயித்தையே தெச்சவ" என்று அனுப்பினாய். நான் தையல்காரி ஆனது அப்படித்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மகள் இந்தப் புடவையை என் மடியில் வைத்து, "ஒட்டுப் போட்டவளுக்கே குடுன்னு அம்மா சொல்லிச்சி" என்றாள்.

நித்யாவிடம் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். பார்ப்பதற்கு மட்டும்; யாரும் கட்டக் கூடாது. உன் மகள் வீட்டுப் படமரத்தில் நான்கு நாள் தேய்த்து, படப்பிடிப்புக்கென்று அவள் வாங்கித் தந்த இரண்டு புதுப் புடவைகளைத் தயார் செய்து கொடுத்தேன். படப்பிடிப்பில் அவை புதிதாகவே தெரிந்தனவாம். உன்னுடையதைக் கட்டிவிட்டார்கள். நான் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்ததால் அதுவும் பழசாகத் தெரியவில்லையாம். அதற்குத்தான் டீத்தண்ணீர்.

பிளாஸ்டிக் உறையில் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தவுடன் போன் செய்தேன்.

"சாரி ஆன்ட்டி, டைரக்டருக்கு அந்தப் பச்சை கண்ணை உறுத்துச்சு. யாரோ தைக்கத் தெரியாதவங்க தச்ச மாதிரி இருக்குன்னாரு. பிரிச்சிட்டு, கிழிசலை மடிப்புக்குள்ள விட்டுட்டோம்."

"தெரியாமத்தாம்மா தெச்சேன்" என்றேன். உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன்.

"துண்டு எங்க?"

"காஸ்ட்யூம் பெட்டியில இருக்கும்னு நினைக்கிறேன். தேடணும்."

உன் மகள், "வுடு சித்தி, ஒரு சாண் துணி" என்கிறாள். விட மாட்டேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நித்யா அந்தப் பெட்டியைத் தரையில் கொட்டித் தேட வேண்டும். கிடைத்ததைத் துவைக்காமல், கூரியரில் அனுப்பாமல், அவளே கொண்டுவர வேண்டும். டைரக்டர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இன்னொரு தறிக்காரிக்கு உடுப்புத் தேடும் முன் ஒரு பகல் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து எழுந்திருக்கட்டும். டீக்கறையை எடுக்க எலுமிச்சம்பழத்தோடு நிற்கும் உன் மகள், துண்டு வரும்வரை புடவையில் கை வைக்கக் கூடாது; கசக்கித் தேய்த்தால் என் ஊசித்துளைகள் மூடிக்கொள்ளும். துண்டு கிடைக்காவிட்டால் வேறு பச்சை வைத்து நான் தைக்க மாட்டேன். கிழிசல் கிழிசலாகவே இருக்கும்.

கிடைத்தால், மிச்ச வேலை என்னுடையது. கிழிசலைச் சுற்றி என் பழைய ஊசித்துளைகள் அப்படியே இருக்கின்றன. விரலால் தடவிப் பார்த்தேன், இன்னும் வளைந்துதான் போகின்றன. இத்தனை வருஷம் நேராகத் தைத்தே பழகிய கை இது. அதே துளைகளில் ஊசியை விட்டு, அதே கோணலில் தைத்து முடிக்க வேண்டும்.