பாகற்காய் வாங்கிய பத்தொன்பது மதிப்பெண்ணை ரத்து செய்ய வேண்டாம்

அனுப்புநர்:
பா. கயல்விழி (பிளஸ் டூ மாணவி),
த/பெ. பாலுசாமி,
கயல் கிரைண்டர் ஒர்க்ஸ்,
சத்தி ரோடு, சரவணம்பட்டி,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
சிறுதொழிற்கூடக் கணினிவழிப் பயிற்சி உதவித் திட்டம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பயிற்சி மென்பொருள் தேர்வு – "இல்லாத நபர்கள்" தேர்வு எழுதியதாகக் கூறி உதவியை ரத்து செய்தது – அந்நபர்கள் அனைவரும் நல்ல உடல்நலத்துடன் இருப்பது – ஆணையைத் திரும்பப் பெறவும், "வெற்றிப்படி" என்னும் மென்பொருளை எங்களிடமிருந்து திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் 8.11.1999.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க.

1. மேற்படி ஒர்க்ஸ் என் அப்பாவுடையது. பெயர் மட்டும் என்னுடையது. அதிகாரம் அம்மாவுடையது. எட்டு ஆட்களை வைத்து வெட் கிரைண்டர் செய்து, பொள்ளாச்சி, தாராபுரம், பல்லடம் கடைகள் வழியாக விற்கிறோம். முறைப்படி இம்மனுவை அப்பாதான் எழுதியிருக்க வேண்டும். தங்கள் ஆணையை இரண்டு தரம் படித்த அவர், "காய்கறிப் பேரு வெச்சது நீயி. பதிலையும் நீயே எழுதிப்போடு அம்மணி" என்று பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

2. இன்டர்நெட் வழியாகப் பாடம் நடத்தும் மென்பொருள்களை மாதம் ஒன்றாகப் பழகிப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று தாங்கள் ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் கொடுத்தீர்கள். எங்கள் பாடத்தை நாங்களே அதில் ஏற்றலாம். ஆட்கள் படித்துத் தேர்வு எழுதினால் மதிப்பெண் டெலிபோன் கம்பி வழியே தங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். இருபதுக்குப் பதினைந்து வாங்கியவருக்குத் தங்கள் சான்றிதழ் உண்டு. எங்களுக்கும் இது தேவையாக இருந்தது. தாராபுரத்தில் ஒரு கிரைண்டர் நின்றுபோனால் இங்கிருந்து ஆள் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பிரவுசிங் சென்டர்கள் இன்றைக்குக் காந்திபுரத்தில் முளைத்திருக்கின்றன, நாளைக்குத் தாராபுரத்திலும் முளைக்கும். அப்போது அந்தந்த ஊர் ஆளே உட்கார்ந்த இடத்தில் ரிப்பேர் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? அரைப்பது கிரைண்டராக இருக்கட்டும், அலைவது நாங்களாக இருக்க வேண்டாம் என்பதே எங்கள் கொள்கை.

3. முதலில் வந்தது "ஸ்மார்ட் டீச்சர்". முழுக்க ஆங்கிலம். திறந்ததும் ஒரு வெள்ளைக்காரர் தோன்றிக் கையாட்டினார். எங்கள் ஆட்களும் மரியாதைக்குக் கையாட்டினார்கள். இரு தரப்புக்கும் இடையே அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

4. இரண்டாவதாக வந்ததே புகாருக்குரிய "வெற்றிப்படி". தமிழில் பாடம் ஏற்றலாம், வண்ணப் படம் உண்டு, பாட்டு உண்டு. கொடுத்த ஏஜென்சி ஒரு சுவர்க் கடிகாரமும் சேர்த்துக் கொடுத்தது. தேர்வு முடிந்தால் திரையில் ஓர் ஏணி எழும்பும். அதிக மதிப்பெண் வாங்கியவர் பெயர் மேல்படியில், குறைந்தவர் பெயர் கீழ்ப்படியில், எல்லோரும் பார்க்கும்படி மின்னும். அந்த ஏணியிலிருந்துதான் நாங்கள் எல்லோரும் விழுந்தோம்.

5. நடந்தது இதுதானுங்க. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் தேர்வை முதலாளியே எழுதித் தொடங்கிவைப்பது என்று முடிவாயிற்று. இருபது கேள்விகளையும் எழுதியவர் அப்பாதான். ஆனால் கிரைண்டர் சுவிட்சை அமுக்கிப் பழகிய கை. மவுசை அவர் ஒரு தரம் அமுக்கினால் அது இரண்டு தரம் அமுங்கி, ஒரு கேள்வியைத் தாண்டி அடுத்ததற்கு ஓடியது. கேள்வியும் அவரே, விடையும் அவரே, வாங்கியது நாலு.

6. அடுத்து உட்கார்ந்தவர் எங்கள் மூத்த மெக்கானிக் திருமலைசாமி அண்ணன். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் போனதா, பெல்ட் போனதா என்று சொல்லிவிடுவார். அவர் வாங்கியது மூன்று. அவருக்குப் பின் எழுதிய ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு. போன வைகாசியில் சேர்ந்த இருவரும் பூஜ்ஜியம். கல்யாணப் பந்தியில் உட்கார்வதுபோல அவரவர் வரிசையில் அமர்ந்துவிட்டார்கள். "இக்கூடத்தின் பணியாளர்கள் பயிற்சி பெற இயலாதவர்கள்" என்று தங்கள் அலுவலகம் முதல் கடிதம் அனுப்பியது.

7. எனக்குச் சந்தேகம் வந்தது. நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலே இருபதுக்கு ஐந்து வரும் என்று எங்கள் பிளஸ் டூ கணக்குப் புத்தகம் சொல்கிறது. பூஜ்ஜியம் வாங்க வேண்டுமானால் இருபது விடையும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு கச்சிதமாகத் தோற்பதற்கு என்னாலேயே முடியாது; அரையாண்டுத் தேர்வில் முயன்று பார்த்திருக்கிறேன்.

8. டீ நேரத்தில் மயிலாத்தாள் அக்காவைப் பிடித்தேன். ஐந்து வருடமாக எங்களிடம் பெல்ட் மாட்டும் வேலை பார்ப்பவர். வீடு கீரணத்தத்தில். தேர்வின் கேள்விகளை நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, வடையைக் கீழே வைக்காமலேயே எல்லாவற்றுக்கும் சரியான விடை சொன்னார். "அப்புறம் எதுக்குங்க்கா ரெண்டு வாங்குனீங்க?" என்றேன். "அண்ணனே மூணு வாங்கியிருக்கறப்ப நான் பதினெட்டு வாங்கிப்போட்டு, நாளைக்கு அவரு மூஞ்சில எப்படி கண்ணு முழிக்கறது?" என்றார். அண்ணனிடம் போய்க் கேட்டேன். "மொதலாளியே நாலு. நான் அஞ்சு வாங்குனா நல்லாவா இருக்கும்?" என்றார். கடைசியில் அப்பாவிடம் கேட்டேன். "நான் எங்க அம்மணி வாங்குனேன்? அந்த எலி ஓடுன ஓட்டத்துல தானா வந்ததாக்கும்" என்றார்.

9. ஐயா, முதலாளி என்கிற பாஸ் ஃபெயில் ஆனதால் எங்கள் ஒர்க்ஸில் ஒருவரும் பாஸ் ஆக விரும்பவில்லை. இதை மென்பொருளின் குறை என்பதா, எங்கள் மரியாதையின் மிகை என்பதா என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

10. ஏணியை ஒளிக்க வழியில்லை. ஆட்களை ஒளிக்கலாம் என்று தோன்றியது. அம்மா சந்தையிலிருந்து அப்போதுதான் காய்ப் பையுடன் வந்திருந்தார். பாகற்காய், முருங்கைக்காய், பீர்க்கங்காய் என்று ஒன்பது காய்களின் பெயரைச் சீட்டில் எழுதி, ஒரு புதுக் கிரைண்டர் டிரம்மில் போட்டுச் சுற்றி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். யார் எந்தக் காய் என்பது அவரவருக்கு மட்டுமே தெரியும், எனக்கும் தெரியாது. தட்டிக்குப் பின்னால் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினார்கள். ஒன்பது காய்ப் பெயரையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பதிவு செய்தவள் நான். "பயிற்சி பெறுபவரின் பெயர்" என்றுதான் தங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறதே தவிர, அது யார் வைத்த பெயராக இருக்க வேண்டும் என்று இல்லை.

11. அன்றைக்கு எழும்பிய ஏணியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டுமுங்க. பாகற்காய் பத்தொன்பது. முருங்கைக்காய் பதினெட்டு. பீர்க்கங்காய்க்கும் புடலங்காய்க்கும் சரிக்குச் சரி பதினேழு. அதற்குக் கீழேயும் ஒருவர் தவிர எல்லோரும் பதினைந்தைத் தாண்டியிருந்தார்கள். கொத்தவரங்காய் ஆறு. கொத்தவரங்காய் யார் என்பதில் மட்டும் ரகசியம் நிற்கவில்லை. தட்டிக்குப் பின்னாலிருந்து "நில்லு, நில்லு, ஓடாதே" என்று மவுசை அதட்டிய குரலை ஒர்க்ஸே கேட்டது. ஒர்க்ஸில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அதிகமாகச் சிரித்தவரும் கொத்தவரங்காய்தான்.

12. அதே வாரம் பல்லடத்தில் எங்கள் கிரைண்டரை விற்கும் கடைக்காரர் வெள்ளியங்கிரி, அங்கேயே தங்கி ரிப்பேர் பார்க்க ஓர் ஆள் கேட்டிருந்தார். சான்றிதழ் உள்ள ஆளாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. திருமலைசாமி அண்ணன் எல்லோர் முன்னிலையிலும், "அந்தப் பாகற்காய அனுப்பிப்போடுங்க மொதலாளி. அது ஆரா இருந்தாலும் எனக்குச் சம்மதமுங்க" என்றார். பாகற்காய் குனிந்த தலை நிமிராமல் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போது எங்களுக்குத் தெரியாது.

13. இந்த நிலையில்தான் தங்கள் ஆணை வந்தது. "பாகற்காய் முதலிய இல்லாத நபர்களின் பெயரில் தேர்வு எழுதப்பட்டுள்ளதால்" மதிப்பெண்கள் ரத்து. சான்றிதழ் இல்லை. மூன்றாவது மென்பொருளைப் பழகிப் பார்க்கும் மாதமும் ரத்து. 22ஆம் தேதி கம்ப்யூட்டரை எடுத்துப்போக வண்டி வரும். அப்பா இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இல்லாத நபர் ஒருவர் எழுந்து நின்றார்.

14. "நான்தானுங்க அந்தப் பாகற்காய்" என்றார் மயிலாத்தாள் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் மாசாணம் பல்லடத்தில் தறி ஓட்டுகிறார். கல்யாணமாகி இரண்டு வருடமாக அவர் பல்லடத்தில், இவர் கீரணத்தத்தில். வார விடுமுறைக்கு அவர் காந்திபுரத்தில் வந்து இறங்கி, டவுன் பஸ் மாறி வீடு சேர்வதற்குள் பாதி விடுமுறை பஸ்ஸிலேயே போய்விடும். பல்லடம் வேலை கிடைத்தால் இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஆசையை ஒருவரிடமும் சொல்லவில்லை. "பேரு தெரியாதுங்கற தெகிரியத்துல வாங்கிப்போட்டனுங்க அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று திருமலைசாமி அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "நான் முருங்கக்கா. இன்னொரு மார்க்கு வந்திருந்தா உன்னையப் புடிச்சிருப்பேன், அந்தக் கப்பாசிட்டர் கேள்வில கோட்டை உட்டுப்போட்டேன்" என்றார். அப்புறம் பீர்க்கங்காய் எழுந்தது. புடலங்காய் எழுந்தது. கடைசியாகச் சேர்ந்த இருவரும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் நாங்கள்தான் என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஐயா, தங்கள் ஆணையால் எங்களுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. அதற்கு முன் எங்கள் ஒர்க்ஸில் ஒருவர் இன்னொருவருக்கு முன்னால், "எனக்குத் தெரியும்" என்று சொன்னதே இல்லை.

15. மென்பொருள் தேர்வு குறித்து எங்கள் கருத்தைச் சொல்ல வேண்டியது கடமை. நாங்கள் கேட்பது மூன்றாவதாக வரவேண்டிய "தனிப்பாடம்" என்பதையே. அதில் பாட்டில்லை, படமில்லை, கொடுத்தவர்கள் கடிகாரமும் தரவில்லை. விளக்கத் தாளை வரிவரியாகப் படித்துவிட்டேன். அவரவர் மதிப்பெண் அவரவருக்கு மட்டுமே தெரியும். தவறு செய்தால் ஏணியில் இறக்காமல் அந்தப் பாடத்துக்கே திரும்பக் கூட்டிப்போகும். நடுவில் டெலிபோன் லைன் அறுந்தாலும் கம்ப்யூட்டரில் இறக்கிவைத்த பாடம் அப்படியே நிற்கும். மழை பெய்தால் சரவணம்பட்டியில் லைன் என்ன ஆகும் என்பது தாங்கள் அறியாததல்ல. கடையில் சேலை எடுப்பதுபோல மினுமினுப்பைப் பார்த்து மென்பொருள் எடுக்கக் கூடாது, உடுத்தப்போகிறவரைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது இரண்டு மாதத்தில் நாங்கள் கற்ற பாடம். "வெற்றிப்படி" கெட்டது என்று சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் முந்த நினைக்கிற இடத்தில் அது நன்றாக ஓடும். எங்கள் இடத்தில், முந்திக்கொண்டவர் அடுத்த நாள் டீ குடிக்க வரமாட்டார்.

16. ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,

அ) 22ஆம் தேதி வண்டியை அனுப்பாமல், அதற்குப் பதிலாகத் தாங்களே நேரில் வர வேண்டுகிறேன். எங்கள் ஆட்களைத் தங்கள் முன்னால், அவர்கள் அம்மா அப்பா வைத்த பெயரிலேயே, ஒருவர் மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாமல் தேர்வு எழுத வைத்துப் பாருங்கள்.

ஆ) அதில் பதினைந்து வாங்குவோருக்கு, முக்கியமாக மயிலாத்தாள் அக்காவுக்கு, அன்றைக்கே சான்றிதழ் வழங்க வேண்டுகிறேன். தை பிறந்தால் வெள்ளியங்கிரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இ) "தனிப்பாடம்" மென்பொருளை ஒரு மாதம் பழகிப் பார்த்து எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. வருகிறபோது ஆர்வத்தில் தாங்களும் கூட உட்கார்ந்து தேர்வு எழுதிவிட வேண்டாம். தாங்கள் எவ்வளவு வாங்குகிறீர்களோ அதைவிட ஒன்று குறைத்தே எங்கள் ஆட்கள் வாங்குவார்கள். டீயும் வடையும் தருகிறோம், பார்த்துக்கொண்டிருந்தால் போதுமுங்க.

17. காய்கறிப் பெயர் வைத்தது முழுக்க என் வேலை. அதற்குத் தண்டனை உண்டென்றால் என்னை விசாரியுங்கள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை இதில் தங்களுக்கு முழு ஒத்துழைப்புத் தருவார்.

18. இம்மனுவின் அடியில் ஆட்களின் கையொப்பம் வாங்க ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. அப்பா போடாமல் அண்ணன் போடமாட்டேன் என்றார், அண்ணன் போடாமல் மற்றவர்கள் போடமாட்டோம் என்றார்கள். கடைசியில் திருமலைசாமி அண்ணன் தாளை வாங்கி, அப்பாவைத் தாண்டிக்கொண்டு போய் மயிலாத்தாள் அக்காவிடம் நீட்டினார். "மேல நீ போடு அம்மணி. நாங்க கீழ போட்டுக்கறோம்" என்றார். அப்பா பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா முழுப் பெயரையும் எழுதி முடிக்கும் வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

தங்கள் வண்டிச் சத்தத்தை அல்ல, தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
பா. கயல்விழி

இடம்: சரவணம்பட்டி
நாள்: 12.11.1999

மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கும் இருக்கிற நபர்கள்:

மா. மயிலாத்தாள்
திருமலைசாமி
மற்றும் அறுவர்
பாலுசாமி (உரிமையாளர்)