அண்ணனின் மாத்திரையும் என் மாத்திரையும்

என் அன்பான அப்பாவுக்கு,

அண்ணன் சிகரெட்டை விட்டுவிட்டான். நம்ப முடிகிறதா? கமுந்திங்கில் வேலை முடிந்ததும் அவன் போன ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்களாம். அதைச் சாப்பிட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் சிகரெட்டை நிறுத்திவிட்டான். வாய் வறள்கிறது என்று எந்நேரமும் தண்ணீர்ப் போத்தலோடு அலைகிறான். சந்தையில் மீன் விற்பவர் வரைக்கும் அம்மா அந்த மாத்திரையின் பெருமையைச் சொல்லியாகிவிட்டது.

அது என் மாத்திரை, அப்பா. மனச்சோர்வுக்காக ஈப்போ டாக்டர் எனக்குத் தந்தாரே, அதேதான். சிகரெட் ஆசையையும் அடக்குமாம். அவன் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறான்; நான் கைப்பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, தெரிந்தவர் யாருமே இல்லை.

போன மாதம் அம்மா குடையைத் தேடி என் பையைத் திறந்தார். மாத்திரை அட்டையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"நீயும் அவன மாதிரி ரோக்கோ பிடிக்கிறியா?"

"நான் பழக்கி விடலம்மா, சத்தியமா," என்றான் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் திட்டு வாங்கினால் முடிந்திருக்கும். மனசுக்கு மருந்து சாப்பிடுகிறவள் என்பதைவிட, புகைப்பவள் என்ற பெயர் எனக்கு ஏன் லேசாகத் தோன்றியது?

"இல்லம்மா. மனசுக்கு. ரொம்ப நாளா சாப்பிடுறேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருதாம்மா கூட்டிட்டுப் போனாரு."

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்த மனுசன் உனக்குப் பல்லு வலின்னுல்ல சொன்னாரு. ஒரு வாரம் கஞ்சி காய்ச்சிக் குடுத்தேன்லா."

"கஞ்சி நல்லாதான் இருந்திச்சு."

"சும்மா இரு." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கேக்குதா?"

"கேக்குதும்மா. காலைல எழுந்திரிக்க முடியுது."

"அடுத்த தடவ நானும் வாரேன்."

நேற்று வந்தார். முன்பெல்லாம் நீங்கள் காரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்; அம்மா உள்ளே வந்து, டாக்டருக்கு நேரெதிரே அமர்ந்து, நான் இரவில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று புகார் செய்தார். குறையாகச் சொல்லவில்லை, அப்பா. வெளியே ஒருவர் இருக்கிறார் என்பதே அப்போது எனக்குப் போதுமாக இருந்தது.

இனி மோசமான நாள் வந்தால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நீங்கள் காரில் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் கடைக்குட்டி மகள்