எனக்குத் தெரியாமல் சக்கரம் கட்டிய வண்டி

மண்ணூர்
11-11-2025

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, உன் தம்பிக்குக் கல்யாணக் களை, எனக்குச் சந்தேகம், இவை நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் தம்பி வசந்த் பக்கத்தில் வந்து நிற்கிறான். வாட்ஸப்பில் எழுதினால் உன் அம்மா என் போனைத் திறந்து பார்க்கிறாள். அதனால் இதை நானே ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீசுக்குப் போய் என் கையால் போட்டுவிட்டு வருவேன்.

விஷயம் உன் வண்டிதான். பூந்தமல்லியில் ஒரு வக்கீல் வீட்டுப் பின்பக்கத்தில் கிடந்ததை வாங்கி வந்து, பெயின்ட் வரைக்கும் சுரண்டி, இன்ஜின், சீட்டு, கதவு எல்லாம் கழற்றி, வெறும் பாடியாக ஷெட்டில் விட்டுப் போனாயே, அந்தப் பழைய ஃபியட். மூன்று வருஷமாக நாலு மரக்கட்டை மேல் சிவனே என்று உட்கார்ந்திருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்த் திடீரென்று எடைமேடைக்குப் பக்கத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கும் இசக்கியப்பனைக் கூட்டி வந்தான். இரண்டு பேருமாக ஸ்கொயர் பைப்பை அறுத்து, முன்னால் ஒரு ஸ்டாண்டு, பின்னால் ஒரு ஸ்டாண்டு செய்து, அடியில் நாலு டிராலி சக்கரம் பொருத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, பாடியை அதன் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். எதற்கடா என்று கேட்டேன். "கீழ குப்ப சேருதுப்பா, சக்கரம் இருந்தா நவுத்தி வெச்சி பெருக்கலாம்ல" என்கிறான். பிறந்ததிலிருந்து துடைப்பத்தைத் தொட்டவனில்லை. இசக்கியப்பனைக் கேட்டால், "சும்மா ஒரு சவுரியத்துக்குத்தான் அண்ணாச்சி" என்று திருநெல்வேலிச் சிரிப்பு ஒன்று சிரிக்கிறான். சக்கரம் எங்கிருந்து வந்தது, கம்பெனியிலிருந்து எடுத்து வந்தாயா, பில்லைக் காட்டு என்றேன். "இன்னாப்பா நீ, போலீஸ் மாதிரி கேட்டுகினு இருக்க" என்று சொல்லிவிட்டு, படப்பை பழைய இரும்புக் கடையின் சீட்டைக் கொண்டுவந்து போட்டான். மூன்று சக்கரம் ஒரே அளவு, நாலாவது ஓர் அங்குலம் சின்னது, அதற்கு மேல் பலகைத் துண்டு வைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் கார் பாடி இன்ஸ்பெக்ஷனில் நின்றவன் வீட்டில் இப்படி ஒரு வேலை.

அதைக்கூட விட்டுவிட்டேன் பாப்பா. ஆனால் கதவு நிற்கும் இடம் நாலும் திறந்தே கிடந்தது. கதவில்லாத பாடியைத் தூக்கினால் நடுவில் தொங்கும், அப்புறம் எந்தக் கதவும் அதில் பொருந்தாது, அதனால் குறுக்கே பைப் வைத்துக் கட்டிவிட்டுத்தான் அசைக்க வேண்டும். இது உனக்கும் தெரியும், வசந்துக்கும் தெரியும், அவன் வேலை செய்யும் லைனே அதுதான். தெரிந்தும் கட்டாமல் விட்டான் என்றால் என்ன அர்த்தம், திரும்பக் கதவு மாட்டும் எண்ணமே இல்லை, காயலான் கடைக்குத்தான் போகிறது என்று முடிவு கட்டினேன். அக்கா வண்டியை எடைக்குப் போடப் பார்க்கிறாயா என்று நேராகவே கேட்டேன். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் நாலு பக்கமும் குறுக்குப் பைப் வைத்து அழகாக போல்ட் போட்டிருக்கிறது. வேறு அப்பனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் முற்றியது. எடைக்குப் போடுகிற பொருளுக்கு யாராவது இவ்வளவு பார்ப்பார்களா, இது எங்கேயோ முழுசாகப் போகப் போகிறது, யாரோ இதை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நான் கண்ணை எடுக்கவில்லை. இசக்கியப்பன் டேப்பை வைத்து நம் கேட்டின் அகலத்தை அளந்ததைப் பார்த்தேன். கேட்டுக்கு கிரில் போடப்போகிறோம் என்றான், போன வருஷம்தான் போட்டது. நான் சாக்பீஸ் எடுத்து நாலு சக்கரத்தைச் சுற்றியும் தரையில் கோடு போட்டு வைத்தேன். சிரிக்காதே. புதன்கிழமை உன் அம்மாவை முழங்காலுக்குக் காட்ட அழைத்துப்போய்த் திரும்பி வந்து பார்த்தால், சக்கரம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நிற்கிறது, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடக்கிறது. குப்பை பெருக்குவதற்கு யாராவது எலுமிச்சம்பழம் வைப்பார்களா? வீட்டை விட்டுக் கிளம்புகிற வண்டிக்குத்தானே வைப்பார்கள். உள்ளே போய் பிரிட்ஜைத் திறந்தேன். முந்தின நாள் நான் வாங்கி வந்தது ஆறு, மீதி இருந்தது இரண்டு. பிரிட்ஜில் எது எங்கே இருக்கிறது என்று வசந்துக்குத் தெரியாது, உன் அம்மாவோ என்னோடு டாக்டர் வீட்டில் உட்கார்ந்திருந்தாள், அப்படியென்றால் கிளம்பும் முன்பே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உன் தம்பியைச் சந்தேகப்பட்டேன், இசக்கியப்பனைச் சந்தேகப்பட்டேன், முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறவளைச் சந்தேகப்படவில்லையே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டதும் உன் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தையில் கல்யாணம், சௌந்தர்யா மருமகளாக வந்தால் ஒரு ரூம் வேண்டும், ஷெட் இருக்கும் இடத்தில் கட்டலாம் என்று வசந்த் உன்னிடம் கேட்டானாம். நீதான், நான் படித்த தண்டலம் காலேஜுக்கு வண்டியைக் கொடுத்துவிடு, பசங்கள் வேலை கற்றுக்கொள்ளட்டும், பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, அப்பாவுக்கு மட்டும் வண்டி போன பிறகு சொல்லிக்கலாம் என்றாயாம். "அவளே சொல்லச் சொல்லோ நான் இன்னா பண்ணட்டும், நீ ஒத்துக்கவே மாட்டன்னுதான் பாப்பா பயந்துச்சி" என்று உன் அம்மா என்னையே குற்றம் சொல்கிறாள். ரூம் கட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளை குடும்பம் நடத்த இடம் வேண்டாமா. இவர்கள் வாடகை வீடு பார்க்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்டிருந்தால் நானே பூஜை போட்டிருப்பேன். என் வருத்தம் வேறு. அந்த வண்டி எனக்கு வண்டியாக இருக்கவில்லை. வாராவாரம் துருப் பிடிக்காமல் ஆயில் தடவினேனே, அது உனக்காகவா என்றால் பாதிதான். பொண்ணு எப்ப வருது என்று தெருவில் யார் கேட்டாலும், வண்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், வராமல் எங்கே போவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குச் சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருந்தேன்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டதும் வெளியே தள்ளினார்கள். நான் வாசலில் பேப்பரை வைத்துக்கொண்டு பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கு வெளியே கால்வாய் மூடிக்கு வந்ததும் அந்தச் சின்ன சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொண்டது, பாடி வசந்த் பக்கமாகச் சாய்ந்தது. எப்படி எழுந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, பின்பக்கத் தூணைத் தோளால் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். தள்ளாதே, பின்னால் இழு, பலகை போடு என்று கத்தினேன், பழைய வேலைக் குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. பலகை போட்டு, லாரி டிரைவரையும் சேர்த்து நாலு பேரும் நாலு மூலையில் பிடித்து, தெருவில் காத்திருந்த தட்டு லாரியில் ஏற்றிவிட்டோம். "பெரிய சேதமில்ல அண்ணாச்சி, நீங்க இல்லன்னா வசந்தோட காலு போயிருக்கும்" என்றான் இசக்கியப்பன். நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் முதலில் தள்ளிப் பார்த்தீர்கள் என்றேன். கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டான்.

லாரி கிளம்பியதும் என்ன செய்தேன் தெரியுமா, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காலேஜுக்கு என்று சொல்லிவிட்டு வேறு எங்காவது திருப்பிவிட்டால்? திருப்பவில்லை. தண்டலத்தில் காலேஜ் கேட்டுக்குள்ளேதான் போனது, ஒரு வாத்தியார் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார், பசங்கள் பத்துப் பேர் ஆசையாகச் சுற்றி நின்றார்கள். இரும்புக் கடைச் சீட்டு உண்மை, ரூம் உண்மை, காலேஜ் உண்மை, என்னிடம் மறைத்தார்களே தவிர யாரும் ஒன்றையும் திருடவில்லை. வீட்டுக்கு வந்து வசந்தின் முதுகில் கை வைத்தேன், அவன் அழுதுவிட்டான்.

இப்போது நான் சரிபார்க்காமல் மீதி இருப்பது நீ மட்டும்தான். மூன்று வருஷமும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றாய். தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் வருவாய், அது தெரியும், நான் கேட்பது அதை இல்லை. நீ அங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டாயா? செய்திருந்தால் தப்பில்லை பாப்பா, உன் வாழ்க்கை, நான் சண்டை போடமாட்டேன், அழுதாலும் நீ இல்லாத இடத்தில் அழுதுகொள்கிறேன். ஆனால் அதைத் தம்பி வாயாலோ அம்மா வாயாலோ எனக்கு வர விடாதே. இதற்குப் பதிலை உன் கையால் எழுதி என் பேருக்குத் தபாலில் அனுப்பு, போனில் சொல்ல வேண்டாம். போனில் நீ சிரித்துக்கொண்டே சொல்வாய், நானும் நம்பிவிடுவேன்.

குளிரில் தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
ம. பச்சையப்பன்