இடுப்பில் வைத்துக்கொண்டு நுழையக்கூடாத இடங்கள்

பெல்டன், ஒஹையோ
செப்டம்பர் 14

அன்புள்ள நதீன் அக்காவுக்கு,

முழங்காலும் வயிறும் தவிர மற்றபடி நலம். இது ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் பதில் இல்லை. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவளுக்குச் சொந்தமாக ஒன்று எழுதக் கை வராது போலிருக்கிறது. போனையும் எடுப்பதில்லை; "எதுவானாலும் எழுதச் சொல்லு" என்று உன் மகளிடம் சொல்லியனுப்புகிறாய்.

போன நவம்பர், தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று நடந்ததற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறேன். கரண்டியை எடுக்கக் குனிந்தேன். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கி நழுவி, தரையில் வழுக்கிக்கொண்டே போய் உன் பேத்தி வில்லாவின் காலடியில் நின்றது. நாலு வயதுக் குழந்தை இரண்டு கையாலும் அதைத் தூக்கிவந்து, "தாத்தா, உங்க பொம்ம விழுந்துடுச்சு" என்றாள். அப்போது நீ பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

ஆனாலும் என்னிடம் உரிமம் இருக்கிறது, அக்கா. ஷெரிஃப் அலுவலகம் கொடுத்த அட்டை. அதிலுள்ள படத்தில் நானே திருடன் மாதிரி இருப்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் விருந்துக்கு வரலாமா?

உன் தம்பி,
லெஸ்டர்

*

செப்டம்பர் 30

லெஸ்டருக்கு,

நீ வரலாம். அது வரக்கூடாது.

முன்கதவில் ஒட்டியிருக்கிறேன்: துப்பாக்கிப் படம், குறுக்கே சிவப்புக் கோடு. வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்ன இடத்தில் உன் அட்டை செல்லாது. உரிமத்தோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும், படித்துப் பார். வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றும் சொல்லாதே. வில்லாவுக்கு இப்போது எல்லாக் கதவும் திறக்கத் தெரியும்.

யோசித்து எழுது. போன் வேண்டாம்.

நதீன்

*

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகத்தைப் படித்தேன். முன்னாலேயே படித்திருந்தால் பாதி அவமானம் மிச்சமாகியிருக்கும்.

நீதிமன்றத்தில் கூடாது. ஜூரி வேலைக்கு அழைத்தபோது வாசல்வரை போய், ஞாபகம் வந்து, வண்டிக்குத் திரும்பி ஓடினேன். இந்த முழங்காலோடு. தேவாலயத்தில் அவர்கள் அனுமதித்தால் மட்டும். பாஸ்டர் ட்ராயிடம் கேட்டேன். "ஆண்டவர் இருக்காரு, நானும் இருக்கேன். ரெண்டு பேரு பத்தாதா உனக்கு?" என்றார். மதுக்கடைக்குள் போகலாம், ஆனால் ஒரு சொட்டு குடிக்கக்கூடாது. கடைக்கார டெல்பர்ட், "அப்ப எதுக்குய்யா வர்ற? நாற்காலிய சூடாக்கவா?" என்கிறான்.

தபால் நிலையம் எல்லாவற்றையும் விட மோசம். கட்டிடத்துக்குள் மட்டுமில்லை, அதன் வண்டி நிறுத்துமிடத்தில்கூட ஆகாது. பனி அள்ளும் வண்டி தபால்காரர் வந்து கடிதம் எடுத்துப்போகும் என் வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து, உனக்கு ஒரு கடிதம் போட வேண்டுமானால் எதிர்ப்பக்க ஆணிக்கடையில் வண்டியை நிறுத்தி, துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் இடுப்போடு தெருவைக் கடக்கிறேன். முதல் தடவை வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. தபால் கவுண்டரில் இருந்த பெண், "சார், கொஞ்சம் உக்கார்றீங்களா?" என்று கேட்டாள்.

சிரிக்காதே. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் டயர் கடையில் முகமூடி போட்ட ஒருவன் என்னைக் குப்புறப் படுக்கவைத்தானே, அதிலிருந்து நான் முழுதாக எழுந்திருக்கவில்லை. பத்து நிமிஷம் தாங்க முடிகிறது. உன் வீட்டுக்கு இரண்டு மணி நேரம். வண்டியில்கூட அது இல்லாமல் என்னால் முடியாது. எனக்குத் தட்டு வைக்காதே.

லெஸ்டர்

*

நவம்பர் 3

தம்பி,

உன் தபால் பெட்டி சாய்ந்த அன்றைக்கே எனக்குச் செய்தி வந்துவிட்டது. அதை நிமிர்த்த உனக்கு ஒரு வருஷமாவது ஆகும் என்பதும் தெரியும். உன்னை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. தபால் நிலையச் சட்டத்தை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

போனை எடுக்காதது முதலில் கோபத்தால். பிறகு, நீ எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. ஏழு கடிதம் வந்திருக்கிறது. ஏழு தடவை அது இல்லாமல் போய்த் திரும்பியிருக்கிறாய். யாரும் உன்னைப் படுக்கவைக்கவில்லை.

தட்டு வைப்பேன். விருந்துக்குப் பூசணி 'பை' பலகாரம் நீ வாங்கி வா.

அக்கா

*

தேங்க்ஸ்கிவிங், பகல் பன்னிரண்டு

அக்கா,

இதற்குத் தபால்தலை இல்லை. உன் கதவிடுக்கில் செருகப்போகிறேன். மணியடிக்கக் கையைத் தூக்கினேன், இறக்கிவிட்டேன். எழுதுவதுதான் இப்போது பழகியிருக்கிறது.

அது கடையில், இரும்புப் பெட்டிக்குள். சாவி பாஸ்டர் ட்ராயிடம். முப்பதாவது மைலில் வண்டியை ஓரங்கட்டி அவரைப் போனில் கூப்பிட்டேன். "சாவி தர்றேன், நாளைக்கு. இப்ப பை ஆறிடும், ஓட்டு" என்று வைத்துவிட்டார். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே கால்சட்டைதான் நழுவிக்கொண்டிருந்தது. துப்பாக்கியையும் சேர்த்த அளவுக்கே பெல்ட் போட்டுப் பழகிவிட்டேன். இரண்டு ஓட்டை இறுக்க வேண்டியதாயிற்று.

வில்லா ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். கதவிலுள்ள படத்தைக் காட்டி, என் இடுப்பைக் காட்டி, கையை விரிக்கிறாள். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தொப்பைதான் இருந்தது. சிரிக்கிறாள்.

கதவைத் திற. பை ஆறிவிட்டது.

லெஸ்டர்