மூன்று சங்கிலி

அன்புள்ள வேணிக்கு,

நெல்லூரில் நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் அழுவாய் என்று, எனக்கு முன்னே போகும் நம்மூர் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டிரெய்லரில் இருபது டன் இரும்புச் சுருள் ஏற்றியிருக்கிறேன். நாலு சங்கிலியில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. கிளம்புமுன் நாலு சங்கிலியும் கட்டிய போட்டோவைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். விரிசலைச் சொன்னேன். "போன தபா எடுத்த போட்டோவயே அனுப்பிட்டு ஜல்தி கெளம்புய்யா" என்றார் சூப்பர்வைசர். அனுப்பிவிட்டு, மூன்று சங்கிலியோடு கிளம்பிவிட்டேன். நேற்று பிரேக் போட்டபோது சுருள் ஒரு சாண் நகர்ந்தது. பயப்படாதே, கட்டை அடித்து நிறுத்தியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை திண்டிவனம் தாண்டுவேன். வறுத்த மல்லாட்டை கொஞ்சம் வேண்டும்; கடலையைக் கொறித்துக்கொண்டே ஓட்டினால் தூக்கம் வராது. ஆனால் வழக்கம்போல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பைபாஸ் வளைவில் நிற்காதே. டீக்கடையில் கொடுத்துவிட்டு, என் வண்டி வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடு.

சவுரிராயன்