உறுத்திய பெல்ட்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வேலைக்குப் பதினைந்து நிமிடம் தாமதம். காரில் குழந்தை இருக்கையைக் கண்டாலே மகள் உடம்பை வில்லாக வளைக்கிறாள். இரண்டரை வயதுக்கு அவ்வளவு பலம். பெல்ட்டை மாட்டுவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிடுகிறது. மாமனார் வாசலுக்கு வந்துவிட்டார்.

"பச்சப்புள்ளய ஏம்மா இப்படிக் கட்டிப்போடறே? குடு, நான் மடியில வச்சுக்கறேன்."

கொடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 6

அதே கூத்து. இன்று உதைத்த உதையில் என் மூக்குக்கண்ணாடி பறந்தது. தன் அம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், வியாபாரம் நடக்கட்டும் என்ற நல்லெண்ணமோ என்னவோ.

மார்ச் 11, செவ்வாய்

எழுதவே கூசுகிறது. இன்று நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். அழுது அழுது அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளை விடும் குழந்தைகள் காப்பகம் பக்கம்தானே, ஒரு நாள்தானே என்று மாமனாரைப் பின்னால் உட்காரச் சொல்லி, மடியில் கொடுத்தேன்.

திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக் அடித்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. பின்னால் பொத்தென்று சத்தம். முன்சீட்டின் முதுகில் மோதிக் கீழே கிடந்தாள். வாயெல்லாம் ரத்தம்.

"இறுக்கித்தாம்மா புடிச்சிருந்தேன்... சத்தியமா இறுக்கித்தான்..."

டாக்டர் பல்லை ஆட்டிப் பார்த்தார். "உதடு மட்டும்தான் கிழிஞ்சிருக்கு. நல்லவேளை" என்றார்.

ஐயோ, நான் ஏன் வண்டியை எடுத்தேன்?

மார்ச் 12

மாமனார் காலையிலிருந்து சாப்பிடவில்லை. தட்டோடு போய் அருகில் உட்கார்ந்தேன்.

"மாமா, வண்டிய ஓட்டினது நான். தப்பு என்னோடது. சாப்பிடுங்க."

"இந்தக் கையி ரெண்டும் எதுக்கு இருக்குன்னே தெரியலம்மா" என்றார். பிறகு இரண்டு வாய் சாப்பிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

இருக்கை விற்ற கடைக்கே வண்டியைக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் மகளை உட்காரவைத்து, தோள் பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எப்ப வாங்கினீங்க? பாப்பா நல்லா வளந்துட்டா. பெல்ட்ட சீட்டு முதுகுல இருக்கற மேல் துளைக்கு மாத்தவே இல்லையே. தோளைக் கீழ அமுக்குது பாருங்க. வலிக்காதா?"

சட்டையை விலக்கினால், தோளில் சிவப்பாக ஒரு தடம். பிடிவாதம் பிடிவாதம் என்று திட்டினேனே! நாளெல்லாம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸ் அறுக்கிறவள், பெற்ற பிள்ளையின் தோளை அளக்கவில்லை.

ஐந்து நிமிட வேலை. மாற்றிக் கொடுத்தாள்.

மார்ச் 17

ஏறினாள். முனகினாள். அழவில்லை! நம்ப முடியாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, சாலையைப் பாரடி என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

மாலை திரும்பும்போது பின்சீட்டில் பேச்சுமூச்சில்லை. வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், இருக்கையில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்குகிறாள். உதட்டுக் காயம் இருந்த இடமே தெரியவில்லை. கதவைத் திறக்கப் போனேன். அவள் பக்கத்தில் இருந்த மாமனார் தன் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் கிசுகிசுத்தார்.

"எழுப்பாதம்மா. செத்த நேரம் இப்படியே இருப்போம்."

இருந்தோம்.